வீடியோ முடிந்த பிறகு அந்தப் பெண் எங்கே போகிறார்?

தெருவில் கிடக்கும் மனநோயுள்ள பெண்களை "மீட்கும்" வீடியோக்களைப் போனில் பார்த்திருப்பீர்கள். சேலம் புதிய பேருந்து நிலையம், ஜங்ஷன், ஏதாவது ஒரு கோயில் வாசல் என்று இடம் மட்டும்தான் மாறும். காட்சி ஒன்றேதான். சடை பிடித்த தலையோடு ஒரு பெண் சுவரோரம் உட்கார்ந்திருப்பார். இளைஞர்கள் வண்டியிலிருந்து இறங்குவார்கள். ஒரு வாளித் தண்ணீர், ஒரு மொட்டை, ஒரு நைட்டி, கையில் சோற்றுப் பொட்டலம். பின்னணியில் சோக இசை. கடைசியில் ஆம்புலன்ஸ் கதவு சாத்தப்படும். கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள்.

அதே பெண் சில மாதம் கழித்து அதே சுவரோரம் உட்கார்ந்திருந்தால் குழப்பம் வருகிறது. காப்பகத்தில் சேர்த்தார்களே, ஏன் வெளியே வந்தார்? மருந்து வேலை செய்யவில்லையா? இவர்களுக்கு எவ்வளவு செய்தாலும் இப்படித்தானா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் பெரும்பாலும் அந்தப் பெண்ணின் மூளையில் இல்லை. மருத்துவமனை வாசலுக்கும் அடுத்த கூரைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் இருக்கிறது.

சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

நாம் "மீட்பு" என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வேலைகளைத் திணிக்கிறோம்.

1. மீட்பு: தெருவிலிருந்து பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோவது. சில மணி நேர வேலை.

2. சிகிச்சை: நோயைக் கண்டறிந்து, மருந்து கொடுத்து, தீவிரத்தைத் தணிப்பது. வாரக்கணக்கு, சில நேரம் மாதக்கணக்கு.

3. தேறுதல்: நோய் அடியோடு போய்விட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. காதில் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தாலும் அதை ஓரமாக வைத்துவிட்டு, அடுப்பில் வைத்த பால் பொங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள முடிந்தால் அது தேறுதல். ஆண்டுக்கணக்கு.

4. பின்கவனிப்பு: டிஸ்சார்ஜ் ஆன பிறகு மருந்து, பணம், வேலை, உறவு, மறுபடி நோய் தலைகாட்டினால் உடனே கவனிப்பது என எல்லாமும் சேர்ந்தது. இதற்கு முடிவுத் தேதி கிடையாது.

கேமரா முதல் வேலையோடு நின்றுவிடுகிறது. நன்கொடையும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது.

நோய் முதலா, தெரு முதலா?

இரண்டு வரிசையும் உண்டு. மனச்சிதைவு நோய் (இல்லாத குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம் போன்றவை வரும் ஸ்கிசோஃப்ரினியா) வந்து, வீட்டில் புரிந்துகொள்ள ஆளில்லாமல், ஒருநாள் கால்போன போக்கில் நடந்து ரயில் ஏறியவர்கள் ஒரு வகை. அடி உதை தாங்காமலோ, கணவன் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டதாலோ வெளியே வந்து, தூக்கமும் சோறும் இல்லாத இரவுகளில் மனம் உடைந்தவர்கள் இன்னொரு வகை. குடிப்பழக்கம் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். தெருவில் படுக்கும் பெண்ணுக்கு ஒரு குவார்ட்டர் என்பது பல நேரம் தூக்க மாத்திரை, குளிருக்குப் போர்வை, பயத்துக்கு மருந்து எல்லாம் அதுவே.

அழுக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நமக்கு அது நோயின் அடையாளமாகத் தெரிகிறது. சில பெண்களுக்கு அது கவசம். நாற்றமடித்தால் ராத்திரியில் ஆண்கள் கிட்டே வர மாட்டார்கள். பாதுகாப்பான கதவு ஒன்றைக் கொடுக்கும் முன்பே நடுரோட்டில் அந்தக் கவசத்தை உரிப்பது அவருக்கு உதவியாகத் தெரியாது.

சேலத்துக்கு என்று ஒரு தனிக் காரணமும் இருக்கிறது. ஜோலார்பேட்டைக்கும் ஈரோட்டுக்கும் நடுவே இருப்பதால், வடக்கிலிருந்து கேரளா போகும் நீண்ட தூர ரயில்கள் பல இந்த ஜங்ஷன் வழியாகத்தான் போகின்றன. தன்பாத்தில் ஏறிய ஒருவர் ஆலப்புழா வரை போக வேண்டியதில்லை. டிக்கெட் இல்லை என்று இறக்கிவிடப்படும் இடமே அவருக்கு ஊராகிவிடுகிறது. அதனால்தான் இங்கே நடைமேடையில் இருக்கும் பெண் பேசுவது இந்தி மொழியா, வங்காளமா, தெலுங்கா என்பதே முதல் சிக்கலாகிறது. புரியாத மொழியில் பேசுவதை "உளறுகிறார்" என்று எழுதிவிடுவது சுலபம். மொழிபெயர்க்க ஒரு ஆளைத் தேடுவது சிகிச்சையின் முதல் படி.

சட்டம் என்ன சொல்கிறது

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கி, 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு நடந்த நீண்ட விவாதங்களின் ஒரு விளைவு, 2018-ல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. நம் விஷயத்துக்குத் தேவையான பிரிவுகள் இவை:

1. பிரிவு 100: தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் சுற்றித் திரியும் ஒருவருக்கு மனநோய் இருப்பதாகத் தெரிந்தால், அவரைப் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலையப் பொறுப்பாளரின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவராக இருந்தால் காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும்.

2. பிரிவு 20: கட்டாய மொட்டை கூடாது. ஆம், சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மாதவிடாய்க்குத் தேவையான பொருள்கள் தர வேண்டும் என்பதும் இதே பிரிவில்தான்.

3. பிரிவு 24: சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதமின்றி ஊடகத்தில் வெளியிடக் கூடாது.

4. பிரிவு 98: டிஸ்சார்ஜ் செய்யும் முன் எங்கே போகிறார், யார் பார்த்துக்கொள்வார், சிகிச்சை எப்படித் தொடரும் என்று அவரோடு பேசித் திட்டமிட வேண்டும்.

5. பிரிவு 19: குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது. சமூகத்தில் வாழ்வது அவர் உரிமை. அதற்கான இடைநிலை இல்லம், குழு இல்லம் போன்றவற்றை அரசு அமைக்க வேண்டும் அல்லது ஆதரிக்க வேண்டும்.

ஐந்தாவதுதான் முக்கியமானது, ஐந்தாவதுதான் அதிகம் நொண்டுகிறது. "வைத்திருக்கக் கூடாது" என்ற பாதி உத்தரவாக உடனே அமலாகிவிடும். "அமைக்க வேண்டும்" என்ற மறுபாதிக்குக் கட்டடம், ஆள், பணம் வேண்டும். முதல் பாதி நடந்து இரண்டாவது நடக்காவிட்டால் விளைவு என்ன? மாத்திரைப் பையோடு அதே பேருந்து நிலையம்தான்.

சங்கிலி அறும் இடம்

ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். நாற்பது வயது, மனச்சிதைவு, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி ஒரு பெரிய மருத்துவமனையின் மனநல வார்டில் சேர்த்தாயிற்று. ஆறு வாரத்தில் தூக்கம் வருகிறது, சாப்பிடுகிறார், பெயர் சொல்கிறார். வார்டுக்கு அடுத்த நோயாளி காத்திருக்கிறார். டிஸ்சார்ஜ் சீட்டில் "ஒரு மாதம் கழித்து வரவும்" என்று எழுதியிருக்கும்.

இனி அவர் கண்ணால் பாருங்கள். மாத்திரையை எங்கே வைப்பது? தெருவில் பை ராத்திரியோடு காணாமல் போகும். மாத்திரை தூக்கத்தைத் தரும். தெருவில் அசந்து தூங்கும் பெண்ணுக்கு என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும், அதனால் நிறுத்துவார். பசியைக் கூட்டும் மாத்திரைகள் உண்டு, சோறு எங்கே? ஒரு மாதம் கழித்து என்றால் இன்றைக்கு என்ன தேதி என்று சொல்ல ஆள் யார்? மருந்தை நிறுத்தியது நோயின் பிடிவாதம் இல்லை. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

சரி, காப்பகம்? காப்பகங்கள் பல உயிர்களைக் காத்திருக்கின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் நூறு பேர் கூடம், விளக்கணைக்கும் நேரம், சாப்பாட்டு மணி, பூட்டிய கேட் என்று இருக்கும் இடத்தில் தேறுதலுக்குத் தேவையான பயிற்சி எதுவும் நடப்பதில்லை. காய் நறுக்க வேண்டாம், சில்லறை எண்ண வேண்டாம், பக்கத்து வீட்டோடு பேச வேண்டாம். ஐந்து வருடம் இப்படி இருந்தவருக்குச் சாலையைக் கடப்பதே மறந்துபோகும். "வெளியே விட்டால் சமாளிக்க மாட்டார்" என்று அப்போது சொல்வோம். அது உண்மையாகவும் இருக்கும். நாமே உண்டாக்கிய உண்மை.

நகர்ப்புற வீடற்றோர் இல்லங்களுக்கான விதி வேறு. லட்சம் மக்களுக்கு நூறு பேர் தங்கும் ஓர் இல்லம், ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் சேலம் மாநகராட்சியின் மக்கள்தொகை சுமார் 8.29 லட்சம். அந்தக் கணக்கில் எட்டு இல்லமாவது வேண்டும், அதில் பெண்களுக்கென்று தனியாகவும் வேண்டும். அப்படியே எட்டும் இருந்தாலும் அவை இரவைக் கடத்த உதவும். நீண்டகால மனநோயோடு இருக்கும் பெண்ணுக்கு வீடாக முடியாது.

"முதலில் வீடு" என்ற யோசனை

பழைய முறை ஏணிப்படி: முதலில் குணமாகு, பிறகு குடியை விடு, பிறகு வேலை தேடு, கடைசியில் வீடு. 1992-ல் நியூயார்க்கில் தொடங்கிய ஒரு திட்டம் இதைத் தலைகீழாக்கியது. எந்த நிபந்தனையும் இல்லாமல் முதலில் வீடு. மருந்தும் ஆலோசனையும் அவர் வீடு தேடி வரும். கனடாவில் 2009 முதல் ஐந்து நகரங்களில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துப் பெரிய சோதனையே நடத்தினார்கள். வீடு கிடைத்தவர்கள் வீட்டிலேயே நிலைத்தார்கள் என்பது அதன் தெளிவான முடிவு.

அதை அப்படியே இங்கே நட முடியாது. தனி அறையில் தனியாக இருப்பது அங்கே சுதந்திரம். இங்கே பல பெண்களுக்கு அது பயம், ஊராருக்கோ சந்தேகம். தமிழ்நாட்டில் கிடைத்த விடை கொஞ்சம் வேறு. வீடற்ற மனநோயுள்ள பெண்களுக்காக 1993-ல் சென்னையில் தொடங்கிய தி பான்யன் அமைப்பு, 2015-ல் "ஹோம் அகெயின்" என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. மருத்துவமனையில் நீண்ட காலம் தங்கிவிட்ட பெண்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஊருக்குள் ஒரு சாதாரண வாடகை வீட்டில் குடியிருப்பார்கள். உதவிக்கு உள்ளூர்ப் பெண் ஒருவர், தேவைக்கு ஏற்ப முழுநேரமோ அவ்வப்போதோ. வீட்டு வாசலில் அமைப்பின் பலகை தொங்காது. இது பிறகு கேரளா, மகாராஷ்டிரா வரை போயிருக்கிறது.

சேலத்தில் அப்படி ஒரு வீடு என்றால்

வீடு தேடுவதில்தான் முதல் சண்டை. "ஃபேமிலியா?" என்று ஹவுஸ் ஓனர் கேட்பார். நான்கு பெண்கள், உறவு கிடையாது, ஆண் துணை கிடையாது என்றால் முகம் மாறும். பொய் சொல்லிக் குடியேறினால் முதல் மருத்துவர் வருகையோடு விஷயம் வெளியே வரும். எனவே, முன்கூட்டியே சொல்லி, வாடகை ஒப்பந்தத்தை ஓர் அமைப்பு தன் பெயரில் போட்டுக்கொடுத்து, எந்த நேரத்திலும் கூப்பிட ஒரு செல் நம்பரும் தருவதே நிற்கும் வழி.

வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியவை சாதாரணமானவை: டவுன் பஸ் நிற்கும் தூரம், ரேஷன் கடை, உள்ளேயே கழிப்பறை, கதவுக்கு நல்ல தாழ்ப்பாள். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மாதாமாதம் மருந்து வாங்கப் போகிறவருக்கு இந்த ஒரு சலுகை எத்தனை பெரிது என்பதை மருந்தை விட்டவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

உள்ளே போனால், இரண்டு விஷயம் அந்த இடம் வீடா, சின்னக் காப்பகமா என்று காட்டிக்கொடுத்துவிடும். ஒன்று சாவி. அது துணைக்கு இருப்பவரின் இடுப்பில் மட்டும் தொங்கினால் அது காப்பகம்தான், வாடகை வீட்டில் நடந்தாலும். ஒவ்வொருவரிடமும் ஒரு சாவி இருக்க வேண்டும். தொலைப்பார்கள், பூட்டை மாற்ற வேண்டியிருக்கும், செலவுதான். இரண்டாவது அடுப்படி. இன்றைக்குப் புளிக்குழம்பா, கீரையா என்பதை அங்கே குடியிருப்பவர்கள் சண்டை போட்டுத் தீர்மானிக்க வேண்டும். ஜார்க்கண்டிலிருந்து வந்தவர் ரொட்டி கேட்பார், ஓமலூர்க்காரர் களி கேட்பார். பல வருடம் தட்டில் விழுந்ததைத் தின்றவர் "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று முதல்முறை சொல்லும் நாளை, நோய்க் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்பேன்.

வேலைக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசு வேலையில் ஒரு பகுதி வீடுகளிலேயே நடக்கிறது. தட்டுவடை செட் கடைக்குக் காய் துருவிக் கொடுக்கலாம். முழுநாள் வேலை ஆரம்பத்தில் வேண்டாம். மாத்திரையின் மந்தம் காலையில் இருக்கும், மதியத்துக்கு மேல் இரண்டு மூன்று மணி நேரம் போதும். ஒரே ஒரு நிபந்தனை: கூலி அவர் கையில் வர வேண்டும். "மறுவாழ்வுப் பயிற்சி" என்ற பெயரில் சம்பளமில்லாமல் வேலை வாங்குவது சிகிச்சை ஆகாது.

மலைக்கு வேறு கணக்கு

சேர்வராயன் மலையிலிருந்து வரும் பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. அங்குள்ள பழங்குடியினருக்கு மலையாளி என்று பெயர் (கேரளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், தமிழ் பேசுபவர்கள்). சிகிச்சை முடிந்து ஊருக்குத் திரும்பிய பெண்ணுக்கு வீடு இருக்கும், மருந்துதான் எட்டாது. கிராமத்திலிருந்து ஏற்காடு, அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம், வரிசையில் நின்று திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். காப்பி பறிக்கும் மாதங்களில் அந்த நாளை யாரும் விட மாட்டார்கள்.

இங்கே கைகொடுப்பது நீண்ட நாள் வேலை செய்யும் ஊசி. ஃப்ளூஃபெனசின் போன்ற மருந்தை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை தசையில் போட்டால், தினமும் அந்த மாத்திரையை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. மாவட்ட மனநலத் திட்டக் குழு (அரசின் மனநல மருத்துவக் குழு) மலைக்கு வரும் நாளும் ஊசி நாளும் ஒன்றாக இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். ஆனால் ஊசி எல்லோருக்கும் பொருந்தாது; கை நடுக்கம், உடல் இறுக்கம் வரலாம். சம்மதம் கேட்காமல் போட்டால் அடுத்த முறை அந்தப் பெண் குழு வரும் நாளில் காட்டுக்குள் போய்விடுவார்.

காகிதம் என்ற இரண்டாவது கூரை

ரேஷன் கார்டு இல்லையென்றால் அரிசி இல்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய்க்கும் கார்டு வேண்டும். கார்டுக்கு ஆதார் வேண்டும், ஆதாருக்கு முகவரி வேண்டும், முகவரிக்கு வீடு வேண்டும். வட்டம் இப்படித்தான் சுற்றுகிறது. அங்கீகரிக்கப்பட்ட இல்லத்தின் பொறுப்பாளர் தரும் சான்றை ஆதார் ஏற்கும். வட்டத்தை அங்கே உடைக்கலாம். புதிதாகப் பதியக் கைரேகை வைத்தால் "ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது" என்று வருவதுண்டு. அந்தப் பழைய பதிவின் வழியே சொந்த ஊர் தெரிந்து வீடு திரும்பியவர்களும் இருக்கிறார்கள்.

மனநோயும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் உண்டு. "ஐடியாஸ்" என்ற அளவுகோலில் மதிப்பிட்டு, பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் பல உதவிகளுக்கு வழி திறக்கும்.

குடும்பம் கிடைத்துவிட்டால்?

கண்ணீரோடு கட்டிப்பிடிக்கும் காட்சிதான் அடுத்த வீடியோ. அவசரப்பட வேண்டாம். அவர் ஏன் வெளியே வந்தார் என்று தெரியாமல் அதே வீட்டுக்கு அனுப்பினால், அடித்தவன் கையிலேயே திரும்பக் கொடுத்ததாக ஆகலாம். முதலில் அவரைக் கேட்க வேண்டும். போக விரும்பினால், முதல் ஆறு மாதம் யாராவது தொடர்ந்து போனிலும் நேரிலும் பேச வேண்டும். போக விரும்பாவிட்டாலும் உரிமைகள் போய்விடாது. கணவனிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். பெற்றோர் சொத்தில் பங்கிருக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு கடமைப்பட்டிருக்கிறது.

நோய் திரும்புவதும் நடக்கும். இரண்டு ராத்திரி தூக்கமில்லை, குளிக்கவில்லை, தட்டில் வைத்ததை முகர்ந்து பார்க்கிறார் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் பேச வேண்டும். சில நாள் வார்டில் இருந்து வந்தால், அவர் பாய் அவர் மூலையில் அப்படியே இருக்க வேண்டும். "மறுபடி ஆரம்பித்துவிட்டார், இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம்" என்பதுதான் பல பேரை மீண்டும் தெருவுக்கு அனுப்பும் வாக்கியம். குடியிலிருந்து மீள்கிறவருக்கும் இதே விதிதான். ஒருநாள் குடித்துவிட்டு வந்ததற்காகக் கதவைச் சாத்தினால், அடுத்த பாட்டிலைத் தெருவில்தான் திறப்பார்.

நாளைக்கு ஜங்ஷனில் பார்த்தால்

1. கிட்டே போய் உட்கார்ந்து பேசுங்கள். பெயர் கேளுங்கள். தொட வேண்டாம், முடியை வெட்ட வேண்டாம்.

2. காயமோ மயக்கமோ இருந்தால் 108. பெண்கள் உதவி எண் 181. மனநல ஆலோசனைக்கு 14416, எந்த நேரமும்.

3. காவல் நிலையத்தில் சொல்லும்போது பிரிவு 100 என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். பெண் காவலர் வருவாரா என்று கேளுங்கள்.

4. முகம் தெரிய வீடியோ வேண்டாம்.

5. ஒரு மாதம் கழித்து மருத்துவமனைக்கோ காப்பகத்துக்கோ ஒருமுறை போய் விசாரியுங்கள். விவரம் முழுவதும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. ஆனாலும் கேளுங்கள்: டிஸ்சார்ஜ் ஆனால் எங்கே தங்குவார்? அடுத்த மருந்தை யார் வாங்கித் தருவார்? வீட்டுச் சாவி யாரிடம் இருக்கும்?